மூச்சை விட்டு எடுத்த அளவு

மலர்கொடி படுக்கையறைக் கதவைத் தாழிட்டாள். தாழ் விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஜன்னல் திரை காற்றில் பறக்காமல் இருக்க அதன் நுனியில் பவுடர் டப்பாவை வைத்தாள். பிறகு சுருட்டி வைத்திருந்த இன்ச் டேப்பைப் பிரித்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"மலரு, என் கட்டம்போட்ட சட்டை எங்க?"

"கொடியில."

"கொடியில காணும்."

"நல்லாப் பாருங்க. நான் வேலையா இருக்கேன்."

"கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்ன வேலை?"

கேட்டது கணவன் ராஜராஜன். சொல்லக்கூடிய வேலையாக இருந்திருந்தால் கதவைச் சாத்தியிருக்கவே மாட்டாள்.

மலர்கொடி சத்துணவு அமைப்பாளர். பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். ஆனால் அவளை ஊருக்குத் தெரிந்தது சோற்றால் அல்ல, கயிற்றால். வருஷா வருஷம் பெரம்பலூர், அரியலூர் சத்துணவு ஊழியர்களுக்குள் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். ஒரே மாவட்டமாக இருந்து, பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்த இரண்டு ஊர்கள். கோபம் இருக்கத்தானே செய்யும்? அது முழுவதும் அந்த ஒரு கயிற்றில்தான் இறங்கும்.

பெரம்பலூர் அணியில் மலர்கொடி கடைசி ஆள். கயிற்றை அக்குளுக்குக் கீழே விட்டு, முதுகைச் சுற்றி, தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டிய ஆள். முன்னால் இருக்கிற ஏழு பேரும் சறுக்கினாலும் அவள் சறுக்கக் கூடாது.

போன வருஷம் சறுக்கவும் இல்லை. அதைவிட மோசம்.

மூன்றாவது இழுப்பு. கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி இன்னும் ஒரு சாண் வந்தால் கோப்பை பெரம்பலூருக்கு. மலர்கொடி மூச்சை நெஞ்சு முட்ட இழுத்து நிறுத்தினாள். அந்த நொடியில் அவளுடைய முதுகில் 'டப்' என்று ஒரு சத்தம். பிராவின் கொக்கி தெறித்துவிட்டது. இரண்டு கையும் அவளைக் கேட்காமலே நெஞ்சுக்கு வந்துவிட்டன. கயிறு போய்விட்டது. ஏழு பெண்களும் மூட்டை சரிந்த மாதிரி முன்னால் சரிந்தார்கள். அரியலூர்க்காரிகள் போட்ட குலவைச் சத்தம் பஸ் ஏறும்வரை துரத்தி வந்தது.

"ஏங்க்கா விட்டீங்க?" என்று கேட்டாள் பானுப்ரியா. வரிசையில் முதல் ஆள். மூக்கில் மண் ஒட்டியிருந்தது.

பயிற்சியாளர் திருமுருகன் சார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஆம்பிளை முன்னால் என்ன சொல்வது?

"கை வழுக்கிடுச்சு," என்றாள் மலர்கொடி.

அந்த ஒரு பொய்க்கு ஒரு வருஷம் தண்டனை. மாதாந்திரக் கூட்டத்தில் டீ கிளாஸை அவளிடம் நீட்டினால்கூட, "அக்காகிட்ட குடுக்காதடி, விட்டுருவாங்க" என்பாள் பானுப்ரியா. கூட்டமே சிரிக்கும். இந்த வருஷமும் கடைசி இடத்தில் அவளை நிறுத்தலாமா என்று சாருக்கே யோசனை. ஒரு வாய்ப்பு தருவதாகச் சொல்லியிருந்தார். பயிற்சியில் சந்தேகம் வந்தால் அந்த இடம் பானுப்ரியாவுக்கு.

உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். மாடி வீட்டில் குடியிருக்கும் டீச்சர் ஷாலினி மேரி.

"என்ன சைஸ் போடுறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"முப்பத்திநாலு."

"யாரு அளந்து சொன்னாங்க?"

மலர்கொடி யோசித்தாள். யாருமே அளக்கவில்லை. கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது சித்தி அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முப்பத்திநாலு குடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள். அன்றிலிருந்து முப்பத்திநாலுதான். நடுவில் ஒரு பிள்ளை பிறந்து, அது பத்தாவது படிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. சைஸ் மட்டும் சித்தி சொன்ன இடத்திலேயே நின்றது.

ஷாலினி மேரி போனில் ஒரு வீடியோ காட்டினாள். இரண்டு அளவு எடுக்க வேண்டும். மார்புக்குக் கீழே சுற்றி ஒன்று, மார்பின் மேடான இடத்தில் சுற்றி ஒன்று. கீழ் அளவு நம்பர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்து.

"எழுத்து வேறயா?"

"ஏ, பி, சி, டி. ஒரு இன்ச் கூடினா ஏ, ரெண்டு கூடினா பி. அப்படியே போவும்."

இத்தனை வருஷமாக ஒரு கடைக்காரரும் தன்னிடம் எழுத்தைக் கேட்கவில்லையே என்று மலர்கொடிக்கு அப்போதே கோபம் வந்தது. டேப்பை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

இப்போது டேப்பை முதுகுக்குப் பின்னால் விட்டு முன்னால் கொண்டுவந்தாள். மார்புக்குக் கீழே இறுக்கினாள். உடம்பைச் சுற்றி ஏதோ இறுகியதும் அவள் கால்கள் தானாக அகன்றன. குதிகால் தரையில் ஊன்றியது. நெஞ்சு தானாக நிமிர்ந்தது. டேப்பைப் படித்தாள். முப்பத்தியாறு. மேல் அளவு முப்பத்தெட்டு.

"வித்தியாசம் ரெண்டு. முப்பத்தியாறு பி," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். சித்தி இரண்டு இன்ச் ஏமாற்றியிருக்கிறாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அரியமுத்துவின் ஃபேன்சி ஸ்டோர். அரியமுத்து கண்ணியமான மனிதர். உள்ளாடை கேட்டு யார் வந்தாலும் மின்விசிறியைப் பார்த்தபடிதான் வியாபாரம் செய்வார். அதனால் அவருக்குக் கழுத்துவலி உண்டு.

"வழக்கம்போல முப்பத்திநாலு தானேம்மா?"

"முப்பத்தியாறு பி."

அரியமுத்துவின் கண் மின்விசிறியிலிருந்து ஒரு நொடி இறங்கி மறுபடி ஏறிக்கொண்டது. மேல் தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்று இறங்கியது. "உள்ளாடை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்மா" என்று மின்விசிறியிடம் தெரிவித்துவிட்டு, நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் பயிற்சியில் அது தன் வேலையைக் காட்டியது. முதுகுப் பட்டி மெல்ல மெல்லக் கழுத்தைப் பார்த்து ஏறியது. தோள்பட்டி இரண்டும் மாறி மாறி இறங்கின. மலர்கொடி ஒரு தோளைக் குலுக்கினாள். அடுத்த தோளைக் குலுக்கினாள். இழுக்கிற நேரத்தைவிடக் குலுக்குகிற நேரம் அதிகமாக இருந்தது.

திருமுருகன் சார் விசில் ஊதிவிட்டு வந்தார். தோள்பட்டை விலகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றாள். மறைக்க வேண்டாம் என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தைலம் எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வீடு வந்தபோது மலர்கொடியின் தோள் எரிந்துகொண்டிருந்தது. வலியே இல்லாத தோள்.

"நாலு நாள் ரெஸ்ட் எடுங்கக்கா. அந்த இடத்தை நான் பாத்துக்கிறேன்," என்று பானுப்ரியா அன்போடு சொன்னதுதான் தைலத்தைவிட எரிந்தது.

மாடிக்குப் போனாள். ஷாலினி மேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எப்படி அளந்தாள் என்று நடித்துக் காட்டச் சொன்னாள். மலர்கொடி காட்டினாள். டேப் இறுகியது. கால் அகன்றது. நெஞ்சு நிமிர்ந்தது.

"அய்யோ அக்கா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"நானா பிடிக்கல. கயிறு பட்டா உடம்பு பிடிச்சுக்குது. சார் சொல்லிக் குடுத்தது அப்படி."

"இது கயிறு இல்லக்கா, டேப்பு. மூச்சை விட்டுட்டு அளங்க."

விடுவது என்று வந்தபிறகு அரைகுறையாக விடுவானேன்? கீழே வந்து, கதவைத் தாழிட்டு, மலர்கொடி மூச்சை விட்டாள். பலூனில் காற்று இறங்குகிற மாதிரி விட்டாள். கண் இருட்டுகிறவரை விட்டாள். சாப்பாட்டு மேஜையிலிருந்து ராஜராஜன், "குக்கர் இறங்கிடுச்சா மலரு?" என்று குரல் கொடுத்தான். டேப்பை இறுக்கினாள். முப்பத்திரண்டு. மேலே முப்பத்தியாறு. வித்தியாசம் நாலு.

முப்பத்திரண்டு டி.

இந்தத் தடவை அவளுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாததால் இரண்டாக வாங்கினாள். கடையில் அந்த சைஸில் இருந்ததே இரண்டுதான். அரியமுத்து மின்விசிறியிடம், "நாலு நாள்ல நாலு இன்ச்சா" என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

அதைப் போட்டு மூன்று கொக்கியையும் மாட்ட அவளுக்கு ஒரு சீரியல் ஓடி முடிகிற நேரம் ஆனது. இறுக்கமாக இருந்தால்தானே தெறிக்காது என்று நினைத்துக்கொண்டாள். மைதானத்தில் கயிற்றைத் தோளில் போட்டதும் வழக்கம்போல மூச்சை இழுத்தாள். மூச்சு பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தாள். உள்ளே இடம் இல்லை. முகம் சிவந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

பானுப்ரியா பதறிப்போய் ராஜராஜனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, அக்கா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க, சீக்கிரம் வாங்க."

ராஜராஜன் துறையூர் ரோட்டில் ஒரு எடைமேடையில் வேலை செய்கிறவன். மேடைமேல் மக்காச்சோள லாரி நின்றது நின்றபடி இருக்க, பைக்கை எடுத்துக்கொண்டு பறந்து வந்தான். வருகிற வழியிலேயே ஒரு ஆட்டோவுக்கும் சொல்லிவிட்டான். அவன் வந்தபோது மலர்கொடி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஏழு பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம், எந்திரி."

"எனக்கு ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாமத்தான் மூஞ்சி இப்படிச் சிவந்து கிடக்கா?"

திருமுருகன் சார் தயங்கித் தயங்கி முடிவைச் சொன்னார். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மலர்கொடி கயிற்றைத் தொட வேண்டாம். போட்டி வரும் சனிக்கிழமை. டாக்டர் சொல்கிறவரை கடைசி இடம் பானுப்ரியாவுக்கு.

ஆட்டோ பாதி தூரம் போனதும் மலர்கொடி உடைந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்றாள். ஏன் என்று அவன் கேட்க, டிரைவர் காதில் விழாமல் அவன் காதில் எல்லாவற்றையும் கொட்டினாள். கொக்கி, கை வழுக்கின பொய், முப்பத்தியாறு, முப்பத்திரண்டு, எல்லாம்.

ராஜராஜன் ஆட்டோவை வீட்டுக்குத் திருப்பச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"இதுக்கா என்னை லோடு லாரியை விட்டுட்டு வர வச்சே?"

"நான் எங்க வரச் சொன்னேன்?"

வீட்டுக்கு வந்தார்கள். அவளே கதவைத் தாழிட்டாள். இந்தத் தடவை அவன் உள்ளே இருந்தான். அவள் முதலில் அந்த முப்பத்திரண்டைக் கழற்றி எறிந்துவிட்டு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். ராஜராஜன் டேப்பைக் கையில் எடுத்தான்.

"எங்க மேடையில லாரி ஏறின உடனே எடை போட மாட்டேன். ஆட்டம் அடங்கணும். நீ ஒரு தடவை லோடு ஏத்திட்டு அளந்துருக்கே, ஒரு தடவை காலி வண்டியா அளந்துருக்கே."

"என்னை லாரிங்கிறீங்களா?"

"அதான். அப்படியே பேசிக்கிட்டே இரு. பேசுறப்ப மூச்சு அதுபாட்டுக்கு வரும், போவும். பானுப்ரியாவைத் திட்டு."

அதற்கு அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. டீ கிளாஸிலிருந்து ஆரம்பித்தாள். தைலம் வரை வந்தபோது கீழ் அளவு முடிந்தது. முப்பத்திநாலு. பானுப்ரியா தீர்ந்துபோனதும் கால் அகலத் தொடங்கியதை ராஜராஜன் கவனித்தான். "நிறுத்தாத, நிறுத்தாத" என்றான். அவள் நாத்தனாரை எடுத்துக்கொண்டாள். அவன் தங்கைதான். பல்லைக் கடித்துக்கொண்டு மேல் அளவையும் எடுத்தான். முப்பத்தேழு.

"முப்பத்திநாலு சி," என்றான். அவள் நாத்தனாரை விட்டு மாமியாருக்கு வந்திருந்தாள். "மலரு, அளந்தாச்சு."

"இருங்க, இதை முடிச்சுடுறேன்."

முடித்த பிறகுதான் நம்பர் அவளுக்கு உறைத்தது. முப்பத்திநாலு. சித்தி சொன்ன அதே முப்பத்திநாலு. அப்படியானால் சித்தியின் கண்ணில் தப்பில்லை; எழுத்தைத்தான் அவள் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

அரியமுத்து மூன்றாவது தடவை அவளைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே மின்விசிறியைப் பார்த்தார்.

"முப்பத்திநாலாம்மா?"

"சி."

"இதைத்தானேம்மா நான் முதல்லயே கேட்டேன்?"

"நம்பரைக் கேட்டீங்க. எழுத்தைக் கேட்டீங்களா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே சோதனை நடந்தது. முதுகுப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைந்தது; மூன்றாவது நுழையவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். பட்டி இருந்த இடத்தில் இருந்தது. மூச்சை இழுத்தாள், முழுசாக உள்ளே போனது. கடைசியாக, ராஜராஜனைப் பாயில் உட்காரவைத்து, துண்டின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தாள். பாயோடு அடுப்படிக்கு வந்துசேர்ந்தான்.

"டாக்டர் சர்டிபிகேட்டே தேவையில்ல," என்றான் அங்கிருந்தபடி. இருந்தாலும் மறுநாள் டாக்டரிடம் காட்டி, ஒன்றுமில்லை என்று வாங்கிவந்து திருமுருகன் சாரிடம் நீட்டினாள். கடைசி இடம் திரும்பக் கிடைத்தது. பானுப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது பெட்டி பிரிக்காத ஒரு முப்பத்திரண்டு டி. கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். மாடிக்கு எடுத்துப்போய் ஷாலினி மேரியிடமே கொடுத்தாள்.

"புதுசுடி. யாருக்காவது ஆவும்."

"எங்க பெரியக்கா ஒல்லிதான். ஏலாக்குறிச்சிக்குப் போறப்ப குடுத்துடுறேன்," என்று ஷாலினி மேரி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை. அரியலூர் மைதானம். பெரம்பலூர் அணி பஸ்ஸில் வந்து இறங்கியது. மலர்கொடி தாலிச் செயினைக் கழற்றி ராஜராஜனிடம் கொடுத்தாள். செயினில் எப்போதும் தொங்குகிற ஊக்குகளும் அதோடு போயின. போன வருஷம் இவற்றில் ஒன்றாவது கையில் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். இந்த வருஷம் தேவைப்படாது.

எதிர்ப்பக்கம் கடைசி இடத்தில் புது ஆள். ஒல்லியாக, உயரமாக, முறுக்கின கம்பி மாதிரி ஒருத்தி. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்ட விதத்திலேயே வேலை தெரிந்தவள் என்று மலர்கொடிக்குத் தெரிந்துபோனது.

முதல் இழுப்பு பெரம்பலூருக்கு. இரண்டாவது அரியலூருக்கு. மூன்றாவதுக்கு மைதானமே எழுந்து நின்றது.

விசில்.

மலர்கொடி குதிகாலை ஊன்றினாள். மூச்சை நெஞ்சு முட்ட இழுத்தாள். முதுகில் மூன்று கொக்கியும் கல்லாக நின்றன. பட்டி ஏறவில்லை. தோள்பட்டி இறங்கவில்லை. சிவப்புத் துணி அந்தப் பக்கம் ஒரு சாண் போனது; இந்தப் பக்கம் ஒரு சாண் வந்தது. எதிரே அந்த ஒல்லிக்காரியும் அசையவில்லை. பானுப்ரியா முனகினாள். யாருக்கோ கால் சறுக்கியது. ஏழு பேரின் பாரமும் மலர்கொடியின் முதுகுக்கு வந்தது. தாங்கினாள். இன்னும் கொஞ்சம் மூச்சு இழுத்தாள். எதிரே அவளும் இழுத்தாள்.

திடீரென்று கயிறு லேசானது.

அடுத்த நொடி மலர்கொடி மல்லாந்து கிடந்தாள். அவள்மேல் பெரம்பலூர் மாவட்டமே கிடந்தது. சிவப்புத் துணி எங்கேயோ பின்னால் கிடந்தது. இந்தத் தடவை குலவை அவர்களுடையது. திருமுருகன் சார் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். எதற்கு ஊதுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து பார்த்தால், பானுப்ரியா மலர்கொடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இனிமே டீ கிளாஸ் பேச்சே எடுக்க மாட்டேங்க்கா."

கோப்பை வாங்கியாயிற்று. படம் எடுத்தாயிற்று. ராஜராஜன் செயினைக் கொடுத்தான், அவள் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஆண்கள் டீக்கடைப் பக்கம் போனதும், மலர்கொடி தன் ஏழு பேரையும் பந்தல் ஓரத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை எடுத்துப் போட்டாள்.

"போன வருஷம் கை வழுக்கலடி. கொக்கி தெறிச்சிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பானுப்ரியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏங்க்கா அன்னைக்கே சொல்லல? எனக்குப் பரிமாறும்போதே ஒரு தடவை போயிருக்கு." உடனே ஆளுக்கொரு கதை வந்தது. யாருக்கும் எழுத்து தெரியவில்லை. எல்லாருக்கும் எப்போதோ ஒரு சித்தி, ஒரு பெரியம்மா பார்வையாலேயே அளந்த நம்பர்தான்.

மலர்கொடி கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னைக்கு ஜெயிச்சது நான் இல்ல. வூட்டுல உக்காந்து சரியா எடுத்த அளவு. உங்க எட்டு வூட்டுக்கும் நானே டேப்போட வரேன்," என்றாள். ஏழு பேர்தான் இருந்தார்கள். சந்தோஷத்தில் கணக்கு ஒன்று கூடிவிட்டது.

அப்போதுதான் அரியலூர் அணியின் அந்த ஒல்லிக்காரி பந்தலுக்குள் வந்தாள். இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே இறுகக் கட்டியிருந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து பானுப்ரியா ஒரு அடி முன்னால் நின்றாள். அவள் பானுப்ரியாவைப் பார்க்கவே இல்லை. மலர்கொடியின் செயினில் தொங்குகிற ஊக்குகளையே பார்த்தாள். பெயர் தெரசம்மாள் என்றாள். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஊக்கு ஒண்ணு குடுங்களேன், பெரம்பலூர்ல ஒரு அக்கா வூட்டுலயே சரியா அளவெடுத்து வாங்குனது, தைரியமாப் போட்டுக்கன்னு எங்க தங்கச்சி ஷாலினி மேரி குடுத்தா, நம்பிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."